பேய் விட்டுப் போன செருப்பு

"பேய் போயாச்சு. நீங்களும் போகலாம்," என்றார் குடோன் மேனேஜர்.

இப்படி வழியனுப்பப்படுவது வாலுக்குப் புதிதல்ல. வக்கீலம்மாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த ஆறு வருடத்தில் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள், கரண்டியோடு தெருமுனை வரை துரத்திய ஒரு மாமியார் என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. ஆனால் இன்றைக்கு மேனேஜர் சொன்னது அவன் காதில் தேனாகப் பாய்ந்தது. முப்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, இரண்டு பிள்ளைகள். இத்தனை இருந்தும் பேய் என்றால் அவனுக்குப் பயம். பயம் வந்தால் வாய் நிற்காது. ஊர் அவனுக்கு வால் என்று பெயர் வைத்தது சேட்டைக்காக. அந்தச் சேட்டையில் பாதி பயம் என்பது அவன் மனைவிக்கும் வக்கீலம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

வக்கீலம்மா மூன்று வருடம் கோர்ட்டில் வாதாடிவிட்டு, பொய் சொல்கிறவர்களைக் காப்பாற்றுவதைவிடக் கண்டுபிடிப்பதில் ருசி இருக்கிறது என்று கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டியவர். கோட்டு போனாலும் பட்டப்பெயர் போகவில்லை.

"போயாச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"போர்டைப் பாருங்க."

பார்த்தார்கள். குடோன் வாசலில், கண்ணாடி பதித்த இரும்புக் கதவுக்கு எதிர்ச்சுவரில், கறுப்புப் பலகை ஒன்று துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. உள்ளே போகிறவர் கதவருகே அட்டையைத் தொட்டால் அதில் பெயர் எரியும். வெளியே வரும்போது தொட்டால் அணையும். பலகைக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி. ஐந்து அறைகளிலும் அடுக்கிய தானிய மூட்டைகளுக்கு விஷப்புகை விடும் குழாய்களின் சாவி அதற்குள் இருந்தது. பலகையில் ஒரு பெயர் எரிந்தாலும் பெட்டி திறக்காது. உயிரோடு எவனும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில்தான் பேய் புகுந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், எடை போடும் நெட்டை ஒருநாள் சாயங்காலம் அட்டையைத் தொட்டு வெளியே வந்தார், வீட்டுக்குப் போனார், குளித்தார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஆனால் பலகையில் அவர் பெயர் அணையவே இல்லை. யாராவது அவருடைய அட்டையை வைத்து விளையாடுகிறார்களோ என்று கேட்டால், அது அவர் சட்டைப் பையிலேயே இருந்து அவரோடேயே போய்விட்டது என்றாள் மனைவி. மெஷினை அணைத்துப் போட்டார்கள். பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களும் ஒரு கணம் எரிந்து, ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் நெட்டை மட்டும் நின்றார். நான்கு தடவை போட்டார்கள். நான்கு தடவையும் நின்றார். பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடலாம் என்றால் அதற்குத் தலைமை ஆபீஸ் கையெழுத்து வேண்டும். அது வருவதற்குள் அடுத்த அறுவடை வந்துவிடும். பெட்டி திறக்காமல், புகை போட முடியாமல், மூட்டைகளை வண்டு தின்றுகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. வேறு வழியில்லாமல்தான் மேனேஜர் வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலம் நம்ம ப்ரோக்ராமர் சரி பண்ணிட்டார்," என்றார் மேனேஜர். "ஒரே ஒரு வார்த்தை மாத்தினாராம். நாலு மணிக்குப் புகை. இப்ப மூணு பத்து."

"ஒரு வார்த்தைல ஓடிப்போற பேயா? எங்க வீட்டுல நான் ஆயிரம் வார்த்தை பேசினாலும் ஒண்ணும் நகராது," என்றான் வால். வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவர் கண் வேறெங்கோ இருந்தது.

கதவின் பக்கத்தில் செருப்பு வைக்கும் மர அடுக்கு. வேலைக்கு வருகிறவர்கள் சொந்தச் செருப்பை அதன் கட்டங்களில் விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மத்தியானத்தோடு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டதால் கட்டங்கள் காலி. முதல் கட்டத்தில் மட்டும், பெரிதாக, பழுப்பாக, ஒரு ஜோடித் தோல் செருப்பு.

"அது யாரோடது?"

பதில் வாட்ச்மேனிடமிருந்து வந்தது. குரலைத் தாழ்த்தி, செருப்பைப் பார்க்காமலே சொன்னார். "நெட்டையோடதும்மா. அந்தக் கட்டமும் அவரோடதுதான். நாலு நாளா ஆட்டம் காட்டுது. காலைல எட்டு மணிக்கு லோடு ஆளுங்க வரும்போது இருக்கும். ராத்திரி இருக்காதுன்னு நைட் வாட்ச்மேன் சொல்றான். ஒருத்தனும் தொட மாட்டேங்குறான்."

"பேய் போயிடுச்சுன்னா செருப்பை ஏன் விட்டுட்டுப் போச்சு?" என்றார் வக்கீலம்மா. "வால், எடு அதை."

"மேடம், நான் இந்த வேலைக்கு வந்தப்ப செருப்புத் தூக்குறது எங்கயும் சொல்லலையே."

"எடுப்பா."

இரண்டு விரலால், பிறந்த குழந்தையின் துணியைத் தூக்குகிறவன்போல், வால் ஒரு செருப்பைத் தூக்கினான். கை நடுங்கியது. அடியில் சேறு, இன்னும் ஈரம் காயவில்லை. காலையில் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. உள்ளே, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ பஞ்சுத் துண்டு ஒன்றை மடித்துத் திணித்து நூலால் தைத்திருந்தார்கள்.

"செத்தவருக்குக் கால் சுருங்குமா மேடம்?"

"சுருங்காது. நெட்டைக்கு இந்தச் செருப்பு கச்சிதமா இருந்திருக்கும். சின்னக் கால்காரர் ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டுத் திரியறார். காலைல மழைல நடந்து வந்திருக்கார். பூட்ஸ் எத்தனை ஜோடி?"

வாட்ச்மேன் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "ஒண்ணு குறையுதும்மா."

"பூட்ஸோட வெளிய விடுவீங்களா?"

"கேட்டைத் தாண்ட விடமாட்டேன்மா. கழட்டி வெச்சிட்டுத்தான் போகணும்."

வால் காலிப் பலகையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். இப்போது அதைவிட மோசமான ஒன்று தோன்றியது.

கேட்டுக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், மூடிய கடையின் படியில் ஒரு பெண் மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா நேராக அவளிடம் போனார். நான்கு நாளுக்கு முன்னால் வக்கீலம்மா விசாரித்தபோது அட்டையைப் பற்றிச் சொன்ன அதே பெண், நெட்டையின் மனைவி.

"இங்க எதுக்கும்மா உக்காந்திருக்கீங்க?"

"கொழுந்தனுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன். அவர் போனதுக்கு அவர் தம்பிக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. மூட்டைல பூச்சி இருக்கான்னு குத்திப் பாக்கற வேலை. வந்து நாலு நாள்தான் ஆகுது. விடிய ஆறரைக்கே, நைட் வாட்ச்மேன் இருக்கும்போதே உள்ள போயிருவான், எல்லாரும் போனப்புறம்தான் வருவான். ஒரு மணிக்கு வந்து கேட்டேன், போர்டுல பேரு இல்ல, ஆள் போயாச்சுன்னுட்டாங்க. போயிருந்தா வீட்டுக்குத்தானே வரணும்? போன் அடிச்சா வாட்ச்மேன் ரூம் லாக்கருக்குள்ளதான் அடிக்குது."

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. பின்னாலேயே வந்திருந்த வாட்ச்மேன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"காலுக்கு என்ன போட்டுட்டு வந்தார்?"

அந்தக் கேள்வியில் அவள் கண் கலங்கிவிட்டது. "அவங்க அண்ணன் செருப்பு. அவனுக்குப் பெருசு. வேற வாங்கிக்கடான்னா கேக்கல. நான்தான் பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுத்தேன்."

வக்கீலம்மா திரும்பி நடந்த வேகத்துக்கு வால் ஓட வேண்டியிருந்தது.

மேனேஜர் கெட்டவர் அல்ல. இருபது வருடம் விதிப்படி நடந்து நடந்து, விதியைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாமல் போனவர், அவ்வளவுதான்.

"செருப்பைக் காட்டிப் புகையை நிறுத்தச் சொல்றீங்களா? புகை கசியாம அஞ்சு கதவும் தாள் ஒட்டி மூடியாச்சு மேடம். பிரிச்சா மறுபடி ஒட்ட ஒரு நாள். நிறுத்து நிறுத்துன்னு மூணு வாரமா நிறுத்தியாச்சு. அந்தப் பையன் பயந்து ஓடியிருப்பான், போன வாரம் ரெண்டு பேர் இப்படித்தான் செருப்பு, சம்பளம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினாங்க. போர்டு காலி. சட்டம் அதுதான்."

"ஒட்டறதுக்கு முன்னால உள்ள ஒரு சுத்து நடந்து பார்த்தீங்களா?"

"பேய்க்குப் பயந்து எவன் நடப்பான்? அதுவுமில்லாம, போர்டு இருக்கும்போது நடந்து பாக்கறது எதுக்கு?"

"சார்," என்று இழுத்தார் வாட்ச்மேன், "மத்தியானத்துலேர்ந்து அஞ்சாம் நம்பர் அறைல தட்டற சத்தம் கேக்குதுன்னு..."

"எலி!" என்று வெட்டினார் மேனேஜர்.

"அட்டை தொட்ட பதிவு இருக்குமே?" என்றான் வால்.

"அது நேரா தலைமை ஆபீஸுக்குப் போயிடும். கேட்டா நாளைக்குச் சொல்வாங்க."

"அப்ப எனக்குப் பதினைஞ்சு நிமிஷம் குடுங்க," என்றார் வக்கீலம்மா. "போர்டு பொய் சொல்லுதுன்னு உங்க கண்ணு முன்னாலயே காட்டறேன். காட்டலேன்னா நானே சாவி எடுத்துத் தர்றேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை ஆக ஐந்து நிமிடம். புகை போடும் மருந்துக்காரர் முகமூடியைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே வந்து நின்றாயிற்று.

ப்ரோக்ராமரின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு திரை, ஆறு காலி டீ கப், நடுவில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஒரு மெல்லிய மனிதர். பேயை விரட்டிய பெருமை முகத்தில் இன்னும் பளபளவென்று இருந்தது.

"அந்த ஒரு வார்த்தை என்ன?" என்றார் வக்கீலம்மா. "சட்டம் படிச்சவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"சிம்பிள் மேடம். ஒருத்தர் அட்டையத் தொட்டா மெமரில அவருக்கு ஒரு பதிவு உண்டாகும். அந்தப் பதிவு எந்த இடத்துல இருக்குங்கற முகவரிய ஒரு நீள வரிசைல எழுதி வெப்போம். வெளிய போகும்போது முகவரியை அழிச்சிடுவோம். அப்பப்ப துப்புரவு ஒண்ணு தானா ஓடும். எந்தப் பதிவோட முகவரி யார்கிட்டயும் இல்லையோ, அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடும். தூக்கிப் போடும்போது போர்டுல பேரும் அணைஞ்சிடும்."

"பேரை அணைக்கறது துப்புரவோட வேலையா?"

"எனக்கு முன்னால இருந்தவர் அப்படி எழுதி வெச்சிட்டார்." அவர் திரையைத் திருப்பினார். "அதே வரிசைலதான் அறையோட சூடு, ஈரம், தராசோட திருத்த எண் எல்லாம் கலந்து கெடக்கும். வரிசைக்கு வகையே சொல்லல. வெறும் இடம், உள்ள என்ன வேணா இருக்கலாம்னு அர்த்தம். அப்படி இருந்தா துப்புரவு ஒவ்வொரு எண்ணையும் தொட்டுப் பாக்கும். முகவரி மாதிரி தெரிஞ்சா, எதுக்கு வம்புன்னு அந்தப் பதிவை விட்டு வெச்சிடும்."

"நெட்டை விஷயத்துல?"

"தராசுக்கு ஒரு திருத்த எண் போட்டிருக்கு. அது தற்செயலா, அப்படியே அச்சா, நெட்டையோட பதிவு இருக்கற முகவரி. எண்ணைப் பார்த்து துப்புரவு ஏமாந்து போயிடுச்சு. அந்த எண்ணைப் போட்டதும் நெட்டைதான் மேடம். கடைசி நாள் சாயங்காலம். தராசை சரி பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருக்கார்."

வாலுக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. தன் கையால் எழுதிய ஒரு எண், செத்த பிறகும் அந்த மனிதரின் பெயரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. பேய் இல்லை என்று விளக்கிச் சொல்லும்போதே இன்னும் கொஞ்சம் பேயாகிற விஷயம் இது.

"நான் வகை சொல்லாத வரிசையைப் பைட் வரிசைன்னு மாத்தினேன்," என்றார் ப்ரோக்ராமர். "பைட்டுன்னு சொல்லிட்டா, உள்ள இருக்கறது வெறும் எண்ணு, முகவரி கெடையாதுன்னு அர்த்தம். துப்புரவு அந்தப் பக்கமே திரும்பாது. நெட்டையைப் பிடிச்சு வெக்க ஆள் இல்ல. பேர் அணைஞ்சிடுச்சு."

"வீடு காலி பண்றப்போ பெட்டி மேல 'பழைய பேப்பர்'னு எழுதி ஒட்டற மாதிரி," என்றான் வால். "யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க. நேரா எடைக்குப் போயிடும். எங்க மாமனார் வீட்டுப் பத்திரம் அப்படித்தான் போச்சு."

வக்கீலம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை வால் அறிவான். தான் சொன்ன வெட்டிப்பேச்சில் ஏதோ ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

"அந்தப் 'பழைய பேப்பர்' பெட்டிலதானே," என்றார் அவர் மெதுவாக, "உயிரோட உள்ள இருக்கறவங்க முகவரியும் இருக்கு?"

ப்ரோக்ராமர் வாயைத் திறந்தார்.

"வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? இல்லேன்னா துப்புரவு அவங்களையும் குப்பைன்னு தூக்கிப் போட்டுடுமே?"

முகத்திலிருந்த பளபளப்பு, யாரோ துணியால் துடைத்ததுபோல் போய்விட்டது. "நான் சோதிச்சுப் பார்த்தேன் மேடம். உள்ள போனேன், பேர் வந்துச்சு. வெளிய வந்தேன், கொஞ்சத்துல போயிடுச்சு..."

"உள்ள நின்னுக்கிட்டே துப்புரவு ஓடற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

அவர் விசைகளைத் தட்டினார். திரையில் ஒரு நேரம் வந்தது. "இன்னிக்கு ஒரு தடவைதான் ஓடியிருக்கு. பன்னிரண்டரைக்கு. அப்ப லோடு ஆளுங்க எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வரிக்கு மேல 'இதைத் தொடாதே'ன்னு எழுதியிருந்துச்சு. ஏன்னு எழுதல. நான் தொட்டுட்டேன்."

"பெயிண்ட் ஈரம்னு எழுதியிருந்தாலே தொட்டுப் பாக்கற ஆளுங்கதானே சார் நாம எல்லாரும்," என்றான் வால். ஆறுதலாகத்தான் சொன்னான். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"துப்புரவைக் கையால ஓட்ட முடியுமா?"

"ஒரு வரி போதும்."

"சரி. வால், நீ உள்ள போற."

"எங்க போறேன் மேடம்?"

"பேய் வீட்டுக்கு."

வெளியாட்களுக்கான அட்டையைத் தொட்டதும் எதிர்ச்சுவர்ப் பலகையில் 'வெளியாள் 1' என்று எரிந்தது. கீழே இரும்புப் பெட்டி படக்கென்று பூட்டிக்கொண்டது. மருந்துக்காரர் கையை இழுத்துக்கொண்டார். கதவு பின்னால் சாத்தியது.

கதவுக்கும் அறைகளுக்கும் நடுவில் ஒரு நீண்ட நடை. வலப்பக்கம் ஒட்டி மூடிய ஐந்து கதவுகள். உயரத்து ஜன்னல்களிலும் பழுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலிலேயே அங்கே பொழுது சாய்ந்திருந்தது. தானியத்தின் வாசனை, பழைய சாக்கின் வாசனை, அவற்றுக்கு அடியில் புளிப்பாக ஏதோ ஒன்று. இத்தனை மூட்டைகளுக்குள் எத்தனை லட்சம் வண்டுகள் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கின்றன என்று நினைத்ததும் வாலுக்கு உடம்பெல்லாம் ஊறியது.

கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். பலகையும், அதில் தன் பெயராக எரிந்த எழுத்தும், தெளிவாகத் தெரிந்தன. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வக்கீலம்மா மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

'வெளியாள் 1' அணைந்தது.

சத்தமே இல்லை. ஊதி அணைத்ததுபோல்கூட இல்லை. இருந்தது, பிறகு இல்லை. பெட்டி படக்கென்று திறந்துகொண்டது. மேனேஜர் பலகையைப் பார்த்தார், கண்ணாடி வழியே வாலைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். மூன்று வாரமாக இந்த இடத்தில் எல்லோரும் எப்படிப் பயந்தார்களோ அதே பயம் அந்த முகத்தில் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் பார்த்தது செத்தவனை அல்ல. வாலுக்கு அப்போது ஒன்று உறைத்தது. இந்த நிமிடத்தில் சாவியைத் திருப்பினால் தன்னைக் கேட்பார் யாரும் இல்லை. மனைவி வந்து கேட்டில் நின்றால்கூட, பேர் இல்லையேம்மா என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு நகைச்சுவைகூட வாயில் வரவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.

டொக், டொக், டொக். நடையின் கோடியிலிருந்து, இரும்பில் இரும்பு பட்டதுபோல். நின்றது. மறுபடி டொக், டொக், டொக்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் எலிக்கு எண்ணத் தெரியாது என்று மூளையில் எங்கோ ஒரு மூலை சொன்னது. பேய்க்கு மூச்சு வாங்காது என்று இன்னொரு மூலை சொன்னது. மூன்றாவது தடவை தட்டும்போது மூன்றாவது தட்டு வரத் தாமதமானது. தட்டுகிறவன் களைத்திருந்தான்.

வால் கதவைத் திறந்து வெளியே ஓடவில்லை. உள்ளே ஓடினான். "அஞ்சாம் நம்பர்! உயிரோட இருக்கான்!" என்று அவன் கத்தியது தெருவரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஒட்டிய தாளை மேனேஜரே நகத்தால் பிய்த்தார். ஐந்தாம் அறையில் மூட்டை அடுக்கு ஒன்று சரிந்து கிடந்தது. வண்டு தின்ற மூட்டைகள் இளைத்து, அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மத்தியானம் விழுந்திருக்கிறது. அதற்கடியில் இடுப்பு வரை புதைந்து, தூசியில் முடி நரைத்துப்போய், இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், மூட்டையைக் குத்தும் குத்தூசியைக் கையில் பிடித்தபடி, இரும்புத் தூண் ஓரமாகக் கிடந்தான். குரல் போயிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்த லோடு ஆட்கள் எட்டுப் பேர் ஓடிவந்து மூட்டைகளைத் தூக்கினார்கள். காலையில் பேய்க்குப் பயந்து அந்தப் பக்கம் தலைவைக்காத அதே எட்டுப் பேர்.

"இவ்வளவு நேரமாடா?" என்று அழுதாள் அண்ணி. "கத்தக் கூடாதா?"

"கத்தினேன் அண்ணி. அப்புறம் நிறுத்திட்டேன்." அவன் தண்ணீரை விழுங்கினான். "போர்டுல எம்பேரு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கும், எப்படியும் தேடி வந்துருவாங்கன்னு கெடந்தேன்."

ப்ரோக்ராமர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மேனேஜர் அவரைத் திட்டப் போனார், பிறகு தான் எதைச் சொல்லி ஒரு பெண்ணைக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்ப வைத்தோம் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ப்ரோக்ராமர் தன் அறைக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைப் பழையபடி மாற்றினார். மெஷின் மறுபடி எழுந்தது. பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களும் ஒரு கணம் எரிந்தன. தம்பியின் பெயரும் எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்தன. நெட்டை மட்டும் நின்றார்.

இரும்புப் பெட்டி படக்கென்று பூட்டிக்கொண்டது.

"முகவரியை எல்லாம் எண்களோட கலக்காம, முகவரின்னே வகை சொல்லித் தனி வரிசைல வெக்கணும்," என்றார் ப்ரோக்ராமர், யார் முகத்தையும் பார்க்காமல். "பேரை அணைக்கற வேலையத் துப்புரவுகிட்டேர்ந்து பிடுங்கணும். முழுசா எழுத மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் இவர் பேர் இப்படித்தான் நிக்கும். பெட்டி தொறக்காது." தயங்கினார். "நேத்து வரைக்கும் இவர் நின்னதாலதான் யாராலயும் புகை போட முடியல. இன்னிக்கும் நின்னிருந்தார்னா..."

மூன்று வாரமாக எல்லோரும் சேர்ந்து விரட்டப் பார்த்த பேய், அந்தச் சாவியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைக் கிளப்பிவிட்ட மறுநாளே ஒரு உயிர் போகப் பார்த்தது. எண்ணும் முகவரியும் ஒத்துப்போனது தற்செயல்தான் என்று வாலுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் பலகையைப் பார்த்துக் கும்பிட்டான்.

மேனேஜர் நெட்டையின் மனைவியிடம் வந்தார். இருபது வருடத்தில் முதல்முறையாக விதி எதுவும் கைவசம் இல்லாத முகம். "இன்னும் மூணு நாளைக்கு அவர் பேரு... உங்களுக்குக் கஷ்டமா இருந்தா துணி போட்டு மூடிடறேம்மா."

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணு நாள்தானே," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."

தம்பியை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். வலது கால் வீங்கி, கட்டுப்போட்டிருந்தது. இடது காலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு செருப்பை அண்ணியே மாட்டிவிட்டாள். இன்னொன்று மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"குடுங்கம்மா," என்றான் வால். முழுக் கையாலும் வாங்கி, சேற்றைத் தன் வேட்டியிலேயே துடைத்து, அடுக்கின் முதல் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தான். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.